சுக்குக் கிடங்கில் இரண்டு ஜனாதிபதிகள்

அமெரிக்க ஜனாதிபதிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சுக்குத் தூசிக்குள் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். பெருமைக்குச் சொல்லவில்லை. அதில் நான் சொன்ன ஒரு பொய்யால் ஒருத்திக்கு வேலை போயிற்று. பொய்யால்தான் போயிற்றா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் பொய் சொன்னது நான்.

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கு. முன்வாசல் கடைத்தெருவில், பின்வாசல் காயலில். நடுவில் பெரிய முற்றம். அங்கே நாற்பது பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து சுக்குப் பொறுக்குவோம். பூஞ்சை பிடித்தது ஒரு பக்கம், துளை விழுந்தது ஒரு பக்கம், தடித்து நல்லதாக இருப்பது கப்பலுக்கு. அது அமெரிக்காவுக்குப் போகிறது என்று மேஸ்திரி சொல்வார். சாயங்காலம் எழுந்தால் புருவம்வரை வெளுத்திருக்கும். மூக்கு எரியும், கண் எரியும். வீட்டில் கப்பைக் கிழங்கை வேகவைத்துத் தின்றாலும் சுக்குதான் மணக்கும். இப்போதும் யாராவது சுக்குக் காப்பி நல்லது என்று நீட்டினால் எனக்குக் கோபம் வருகிறது.

எங்களில் பாதிப் பேர் தமிழ்க் குடும்பம். முனிசிபாலிட்டியில் குப்பை வாரவென்று முந்தைய தலைமுறையில் வந்து தங்கிப்போன ஆட்கள். மீதிப் பேர் மலையாளிகள். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். பத்தாவதில் தோற்றேன். தமிழ் எழுத்து இருபது வயதுக்கு மேல் நானாகக் கற்றுக்கொண்டது. அதனால் இந்த எழுத்தில் மெருகு கிடையாது. தேடுகிறவர்கள் வேறு இடம் போகலாம்.

எங்கள் கிடங்கில் வாசிப்பு உண்டு. வடக்கே பீடிக் கம்பெனிகளில் இருந்த வழக்கம் அது. அங்கேயிருந்து கல்யாணமாகி வந்த ஒருத்தி எங்களுக்கும் பழக்கிவிட்டாள். ஒருத்தி உரக்கப் படிப்பாள். மற்றவர்களுக்குக் கை வேலையில், காது படிப்பில். படிக்கிறவளின் பங்கு குறையக் கூடாது என்பதற்காக ஆளுக்கு ஒரு பிடி பொறுக்கிய சுக்கை அவள் முறத்தில் போட்டுவிடுவார்கள். காலையில் பேப்பர், சோற்றுக்குப் பிறகு புத்தகம். எனக்குத் தொண்டை பெரிது என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. மலையாளத்தில் படிப்பேன், நம் ஆட்கள் முழிக்கிற இடத்தில் தமிழில் சொல்வேன். மேஸ்திரி பார்த்தும் பார்க்காதவர் போலப் போவார். வாசிப்பு நடந்தால் ஊர்வம்பு நடக்காது, வேலை ஓடும் என்று அவருக்குத் தெரியும்.

என் வலப்பக்கம் உட்காருகிறவள் எங்கள் காலனி அக்கா. நாற்பதைத் தாண்டியிருப்பாள். புருஷன் கோயம்புத்தூருக்கு மில் வேலை தேடிப் போனவன், திரும்பவில்லை. ஒரே மகள், பதினொரு வயது. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பியது, இரும்புக் கம்பியும் தோல்வாரும் கட்டி நடப்பாள். கிடங்கில் அக்காவுக்குப் பட்டம் பதவி எதுவும் இல்லை. ஆனால் அவள் எழுந்தால் நாற்பது பேரும் எழுவோம். அவள் சரி என்றால் சரி.

அந்த வருஷம் வாசகசாலையில் கதைப் புத்தகங்களை எல்லாம் யாரோ கொண்டுபோயிருந்தார்கள். அட்டையும் முதல் பக்கங்களும் போன ஒரு தடித்த சரித்திரப் புத்தகம்தான் மிச்சம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்படித்தான் அமெரிக்காவின் பஞ்சகாலம் எங்கள் முற்றத்துக்கு வந்தது. பேங்குகள் மூடிக்கிடந்தன, ஆலைகள் மூடிக்கிடந்தன, படித்தவர்கள் சூப்புக்கு வரிசையில் நின்றார்கள், கோட்டுப் போட்ட ஆட்கள் தெருமுனையில் ஆப்பிள் விற்றார்கள்.

"நிறுத்துடீ," என்றாள் அக்கா. "என்ன விக்கறான்?"

"ஆப்பிள்."

"ஆப்பிள் கையில இருக்கறவனுக்கு என்னாடி பஞ்சம்? நானெல்லாம் காய்ச்சல்ல கெடந்தப்பகூட ஆப்பிள் கண்டதில்ல."

முற்றமே சிரித்தது. "நமக்கும் ஒரு கூடை பஞ்சம் குடுக்கச் சொல்லுடீ," என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். நான் படிப்பதை நிறுத்திவிட்டு, அந்த ஊரில் ஆப்பிள் நம் ஊர்ப் பழம் மாதிரி என்று விளக்க வேண்டியதாயிற்று. யாரும் நம்பவில்லை. பால் விலை போகவில்லை என்று பாலைத் தெருவில் கொட்டினார்கள் என்ற இடம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. பாலைக் கொட்டினதை யாராலும் சிரித்துத் தள்ள முடியவில்லை.

அப்போது ஆண்ட ஜனாதிபதியின் படம் புத்தகத்தில் இருந்தது. விறைத்த கழுத்துப்பட்டை. பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. காலர்க்காரன் என்று வைத்தோம். நல்ல நாள் பக்கத்தில் வந்துவிட்டது, பொறுங்கள், பொறுங்கள் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். வீடு போனவர்கள் தகரத்தையும் அட்டையையும் வைத்துக் குடிசை போட்டு, அந்தக் குடிசைகளுக்கு அவன் பெயரையே வைத்தார்கள். இது எங்கள் பெண்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. எங்கள் முற்றத்தின் வடக்கு மூலையில் ஓடு உடைந்து மழையானால் ஒழுகும். மூன்று வருஷமாகச் சொல்லியும் பெரிய முதலாளி ஓடு மாற்றவில்லை. அன்றைக்கே அந்த மூலைக்கு அவர் பெயரை வைத்தார்கள். "இன்னைக்கு முதலாளியில நல்ல தண்ணி," "முதலாளிய ஒண்ணு பெருக்கி விடுடீ" என்று பேச்சு. மேஸ்திரிக்கு விஷயம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. புரிந்ததும் அவரும் திரும்பி நின்று சிரித்தார்.

யுத்தத்துக்குப் போய்வந்த பழைய பட்டாளக்காரர்கள், தருவதாகச் சொன்னதைத் தா என்று தலைநகரத்தில் வந்து குடிசை போட்டார்கள். காலர்க்காரன் காலத்தில் பட்டாளத்தை வைத்தே அவர்களை விரட்டி, குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். அக்கா கையிலிருந்த சுக்கை முறத்தில் எறிந்தாள். "அவன் போய்த் தொலைஞ்சானா இல்லியா, அதச் சொல்லு முதல்ல."

போனான். அடுத்தவன் வந்தான். படத்தில் வாய் நிறையச் சிரிப்பு. சிரிப்புக்காரன். அவன் ரேடியோவில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரன் அடுக்களையில் வந்து உட்கார்ந்து பேசுவது போல இருக்கும் என்று போட்டிருந்தது. பேங்கு ஏன் மூடினோம், எப்போது திறப்போம் என்று சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி சொன்னானாம். இவ்வளவும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு இரண்டு காலும் வராது, இளம்பிள்ளை வாதம், இரும்புக் கம்பி கட்டித்தான் நிற்பான் என்று படித்ததும் அக்காவின் கை நின்றது.

"நம்ம பிள்ளைக்குக் கட்டற கம்பியா?"

"அதுதான் போல."

"கம்பி கட்டுனவனா நாட்டையே ஆண்டான்?"

"ஆமாக்கா."

அக்கா மறுபடி சுக்கைப் பொறுக்க ஆரம்பித்தாள். அன்று சாயங்காலம் வீடு போகும் வழியில் மகளிடம் காட்டணும் என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் திருப்பித் தந்தபோது நானே அந்தப் படத்தை அறுத்துக் கொடுத்தேன். வாசகசாலைப் புத்தகம்தான். அறுத்தேன். அது அவர்கள் வீட்டுச் சுவரில் சோற்றுப் பசையில் ஒட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் நின்றது.

அதற்குப் பிறகு சிரிப்புக்காரன் எங்கள் ஆளாகிவிட்டான். அவன் ஆட்களுக்கு ரோடு வேலை கொடுத்தால் எங்களுக்குக் கிடைத்த மாதிரி. அணை கட்டினால் எங்களுக்குக் கட்டின மாதிரி. நாற்பது பெண்களும் காது கொடுத்து உட்கார்ந்திருக்க, வேலை போனவர்களுக்கும் வயதானவர்களுக்கும் காப்பாக அவன் ஒரு சட்டம் கொண்டுவந்த இடத்தைப் படித்தேன். யாரோ கை தட்டினார்கள்.

வாசிக்கிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாய் ஒரு வரியில் இருக்கும்போது கண் நாலு வரி தாண்டி ஓடும். என் கண் ஓடியது. வயலில் வேலை செய்கிறவர்களும் அடுத்தவர் வீட்டில் வேலை செய்கிறவர்களும் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை என்று அங்கே இருந்தது. கறுப்பு ஆட்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வேலையில்தான் இருந்தார்கள் என்றும் இருந்தது. சரியாக அப்போதுதான் அக்கா கேட்டாள்.

"அது எல்லாருக்கும் கெடைச்சுதாடீ?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சுக்குத் தூசி அப்பிய முகத்தில் கண் மட்டும் தெரிந்தது.

"எல்லாருக்கும்," என்றேன். பக்கத்தைத் திருப்பினேன்.

அவ்வளவுதான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நல்ல வார்த்தை கேட்டு மாதக்கணக்கான ஒரு கூட்டத்தின் முன்னால் கெட்ட வார்த்தையைப் படிக்க எனக்குச் சோம்பலாக இருந்தது. கருணை என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்ல மாட்டேன்.

அந்தக் கோடையில் அமெரிக்காவுக்குப் போன சரக்கு புழு என்று சொல்லித் திரும்பிவிட்டதாகப் பேச்சு வந்தது. உண்மையா என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்? முற்றத்தில் மூட்டை குறைந்தது. மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பெரிய முதலாளி படுக்கையில் விழுந்தார், பம்பாயில் படித்துவிட்டு வந்த மகன் கிடங்கைப் பார்க்க ஆரம்பித்தான். அப்பன் எங்கள் முகத்தையே பார்த்ததில்லை. இவன் முற்றத்துக்கு வந்து, சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து, எங்களுக்கு வாங்கின சாயாவிலேயே ஒரு கிளாஸ் எடுத்துக் குடித்தான். சேச்சி, சேச்சி என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டான். சரக்கு ஏன் திரும்பியது, கப்பல் எப்போது வரும், மழை எத்தனை நாள் என்றெல்லாம் விரல் மடக்கிச் சொன்னான். வடக்கு மூலையில் ஓடு மாற்ற ஆளும் வந்தது.

அக்கா என் தொடையில் கிள்ளினாள். "பார்த்தியாடீ. நம்ம சிரிப்புக்காரன் வந்துட்டான்."

அவன் முகம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் தொடக்கத்தில், இடவப்பாதி மழை தொடங்குகிற வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மேஸ்திரி ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தார். மழை முடியும்வரை வேலை கிடையாது, ஓணத்துக்குப் பிறகு கூப்பிடுவோம், அதுவரைக்கும் ஆளுக்கு ஒரு காகிதத்தில் ஒப்புப் போட்டுக் கொடுக்கணும் என்றார். ஒப்பு என்றால் கையெழுத்து. வாசிப்புக்காரி நான். நான்தான் படித்துக் காட்டினேன். என் சொந்த விருப்பத்தின்படி வேலையை விட்டு விலகுகிறேன், வேலை வரும்போது புதிதாக எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று எழுதியிருந்தது. புதிதாக என்ற இடத்தில் எனக்கு நாக்குத் தடுக்கியது.

"புதுசாவா? இவங்கள்லாம் பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் இருக்காங்களே?" என்றேன்.

மேஸ்திரி முகம் சுளித்தார். "நீ வாயிக்கான் வந்ததோ, வக்கீலாவான் வந்ததோ?" படிக்க வந்தாயா, வக்கீலாக வந்தாயா என்று அர்த்தம்.

பின்வாசலில் வஞ்சிப் படகில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த சுமட்டுக்காரர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். மூட்டை தூக்குகிற ஆண்களுக்குச் சங்கம் இருந்தது, கொடி இருந்தது. முறம் பிடிக்கிற எங்களுக்கு அப்போது எதுவும் கிடையாது. அவர் உள்ளே வந்து அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஒப்புப் போடாதே பெங்ஙளே. தங்கச்சி மாதிரி நெனச்சுச் சொல்றேன். திங்கக்கிழமை சங்கத்து ஆள கூட்டிட்டு வர்றேன். ரெண்டு நாள் பொறுத்தா போதும். நீ போட்டா எல்லாரும் போடும்."

உண்மை. நாற்பது தலையும் அக்கா பக்கம் திரும்பின. பேனா அவள் கையில் இருந்தது. சின்ன முதலாளி ஆபீஸ் அறை வாசலில் வந்து நின்றான். சிரித்தான்.

அக்கா அவனிடம் நேராகக் கேட்டாள். "மழ கழிஞ்சா எல்லாரையும் எடுப்பீங்களா?"

"எல்லாரையும் எடுக்கும் சேச்சி. ஞானல்லே பறயுன்னது." நான் அல்லவா சொல்கிறேன் என்றான்.

அக்கா சுமட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாள், "எப்பவும் கெட்டதே நெனக்கக்கூடாது சேட்டா. மேல இருக்கறவன்லயும் நல்லவன் உண்டு. இவ புஸ்தகத்துலயே இருக்கு. கேட்டுப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, நிறைய நேரம் இருந்தது. நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். பிறகு வரிசையாக எல்லாரும். நானும்.

திங்கட்கிழமை சங்கத்து ஆள் வந்தார். ஒப்புப் போட்டாயிற்று என்று கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மழைக்காலத்தை வர்ணிக்க எனக்குத் தெம்பு இல்லை. எல்லார் வீட்டிலும் ஒரே மழைதான். ஓணம் கழிந்து ஒரு காலையில் கிடங்கு வாசலில் நாற்பது பேரும் போய் நின்றோம். மேஸ்திரி கையில் பட்டியல். பதினெட்டுப் பெயர் வாசித்தார். எல்லாரும் சின்ன வயசு, கண் தெளிவானவர்கள், கை வேகமானவர்கள். என் பெயர் இருந்தது. அக்காவின் பெயர் இல்லை.

"மேஸ்திரி, என்னை விட்டுப்போச்சு," என்றாள் அக்கா, சாதாரணமாக.

"விட்டுப்போகல. எடுத்தது இத்தனதான்."

"சின்ன முதலாளியக் கூப்பிடுங்க. எல்லாரையும்னு சொன்னாரே."

"அவர் பம்பாய் போயிருக்கார். காகிதத்துல எல்லாரையும்னு எழுதியிருக்கா? நீ விலகினவ. புதுசா வேணும்னா கூப்பிடறோம்."

சேச்சி என்று சொன்ன வாய் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. அக்கா சத்தம் போடுவாள் என்று நான் காத்திருந்தேன். சத்தம் போட்டால் நானும் போடலாம் என்று இருந்தேன். அவள் போடவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உள்ள போடீ. நின்னா உன் பேரையும் வெட்டிருவான்."

நான் உள்ளே போனேன். வீட்டில் அம்மா ஈரல் நோயில் கிடந்தாள் என்று காரணம் சொல்லலாம். கிடந்தாள்தான். ஆனாலும் போனவள் நான். அன்று மத்தியானம் யாரோ வாசி என்றார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அந்த முற்றத்தில் அதற்கப்புறம் நான் வாசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மகள் காலிலிருந்து கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள். மேலே சிரிப்புக்காரன் ஈரத்தில் ஓரம் சுருண்டுபோய்ச் சிரித்தான்.

"அக்கா, நான் ஒரு பக்கத்தைத் தாண்டினேன்," என்று சொல்லி, நின்றபடியே அதைப் படித்தேன். தமிழிலும் சொன்னேன். வயலில் வேலை செய்கிறவர்களுக்கும் வீட்டு வேலைக்காரிகளுக்கும் கிடைக்கவில்லை.

அக்கா கையிலிருந்த துணியைப் பிழிந்து முடித்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டப்ப எல்லாருக்கும்னு சொன்ன."

"சொன்னேன்."

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

"தெரிஞ்சுதான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ சரியாப் படிச்சிருந்தாலும் நான் போட்டிருப்பேனோ என்னமோ," என்றாள். "அவன் சேச்சின்னு கூப்பிட்டான்ல. அதுக்கே போட்டிருப்பேன். ஆனா யோசிச்சிருப்பேன்டீ. ரெண்டு நாள் யோசிச்சிருப்பேன். அந்த ரெண்டு நாள்தானே அந்தச் சேட்டன் கேட்டாரு."

 படத்தைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அதைத் தொடாதே. அது பிள்ளையோடது. அவன் கம்பி கட்டி நின்னது பொய்யில்லியே."

நான் கிளம்பும்போது கூப்பிட்டாள். "அந்த விட்டுப்போன ஆளுங்க அப்புறம் என்ன ஆனாங்க?"

"புஸ்தகத்துல இல்லக்கா."

"தேடிப் பாரு. நீதானே படிக்கிறவ."

தேடினேன். சொன்னால் சிரிப்பீர்கள், வருஷக்கணக்கில் தேடினேன். மட்டாஞ்சேரி வாசகசாலையில் இல்லை. போட் ஏறி எர்ணாகுளம் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உள்ள நூலகத்தில் உட்கார்ந்தேன். ஜனாதிபதிகளைப் பற்றி அலமாரி அலமாரியாக இருந்தது. அவர்கள் வளர்த்த நாய்க்குக்கூடப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். விட்டுப்போன ஆட்களுக்கு ஒரு வரி, அரை வரி. எண்பதுகளின் நடுவில், நானும் கிடங்கை விட்டு ஒரு தையல் கடையில் சேர்ந்த பிறகுதான், ஒரு தடித்த புத்தகத்தின் அடிக்குறிப்பில் பதில் கிடைத்தது.

அக்கா அப்போது இறால் ஷெட்டில் இருந்தாள். கப்பலுக்குப் போகிற இறாலைத் தோல் உரிக்கிற வேலை. நாள் முழுக்கக் கை ஐஸ் தண்ணீரில் கிடந்து, நகக்கண்ணெல்லாம் வெளுத்து வெடித்திருக்கும். மகள் ஒரு ஆபீஸில் டைப் அடிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஷெட்டில் வெளியாள் நுழையக் கூடாது. நான் நுழைந்தேன்.

"அக்கா, அவங்களைப் பின்னாடி சேர்த்தாங்களாம்."

"யாரை?"

"அந்த வயல் வேலைக்காரங்க. வீட்டு வேலைக்காரங்க. சட்டத்துல."

அவளுக்கு ஞாபகம் வர ஒரு நிமிஷம் ஆயிற்று. கை நிற்கவில்லை. தலையைக் கிள்ளி, ஓட்டை இழுத்து, இறாலைத் தட்டில் போட்டாள்.

"சிரிப்புக்காரனா சேர்த்தான்?"

"இல்ல. அவன் செத்துட்டான். அடுத்தடுத்து வந்தவங்க."

"எத்தன வருஷம் கழிச்சு?"

"பதினஞ்சு வருஷம். சில பேருக்கு அதுக்கும் மேல."

"அதுக்குள்ள பாதிப்பேரு போய்ச் சேர்ந்திருப்பானுங்க." சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. ஆனால் அது சந்தோஷமான சிரிப்பு இல்லை. "இதச் சொல்லவா வேலைய விட்டுட்டு வந்த?"

"ஆமா."

அவள் நகர்ந்து பலகையில் கொஞ்சம் இடம் விட்டாள். ஐஸில் கிடந்த இறால் குவியலைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"நின்னுட்டே இருக்காதே. அந்தக் காலர்க்காரன் ஒருத்தன் இருந்தானே, அவன் கடைசியில என்ன ஆனான், அதச் சொல்லு. சொல்லிக்கிட்டே உரி. முதுகு நரம்ப விட்டுராதே, சூப்பர்வைசர் என்னத்தான் ஏசுவான்."

நான் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, அவள் தட்டில் உரித்துப் போட ஆரம்பித்தேன். விரல் உடனே மரத்துப்போயிற்று.